‘நீச்சல் தெரியுமா?’ என்பது தப்பான கேள்வி

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடை படிக்க வசதியாகச் சில இடங்களில் மட்டும் மாற்றப்பட்டிருக்கிறது.)

இன்னைக்கு என் மானத்தை நானே வாங்கிக்கிற ஒரு கதையோட ஆரம்பிக்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் ஸ்ரீமுஷ்ணம். விருத்தாசலம் பக்கம். வேலை சென்னையில. மூணு வருஷம் முன்னாடி, முதுகு வலிக்குதுன்னு ஒரு நீச்சல் வகுப்புல சேர்ந்தேன். மூணே மாசத்துல ஃப்ரீஸ்டைல் வந்துடுச்சு. நிறுத்தாம பத்து லேப் போவேன். ஸ்டேட்டஸ் எல்லாம் போட்டாச்சு.

அடுத்த பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். காணும் பொங்கல் அன்னைக்கு மாமா நிலத்துல எல்லாரும் கூடியிருந்தோம். மழைக்காலம் முடிஞ்ச நேரம், கிணறு நிரம்பி நின்னுச்சு. மாமா பசங்க ஒவ்வொருத்தனா குதிக்கிறானுங்க. “என்னடா, சென்னையில நீச்சல் கத்துக்கிட்டியாமே?” என்றான் ஒருத்தன். நானும் குதிச்சேன்.

மேலே வந்தேன். மூக்குல தண்ணி. நீச்சல்குளத்துல இந்த மாதிரி ஆனா என்ன பண்ணுவேன்? எழுந்து நிற்பேன். அந்தக் குளம் நாலடி. கிணற்றிலும் என் கால் தானாகத் தரையைத் தேடியது. தரை இல்லை. அவ்வளவுதான். கத்துக்கிட்ட ஃப்ரீஸ்டைல் எங்க போச்சுன்னே தெரியலை. நிமிர்ந்த வாக்கில், கையால தண்ணியை அடிச்சுக்கிட்டே இருந்தேன். ஒரு சத்தம்கூட என்னால போட முடியலை. பசங்க நான் விளையாடுறேன்னு நினைச்சு சிரிச்சுக்கிட்டு இருந்தானுங்க.

புரிஞ்சுக்கிட்டது ஒரே ஒரு ஆள். மோட்டார் கொட்டாய் பக்கத்துல நின்ன எங்க அத்தை. அவங்களுக்கு நீச்சல் தெரியாது. அவங்க குதிக்கலை. கிணற்று மேட்டுல கிடந்த தாம்புக்கயிறை எடுத்தாங்க, தரையில உட்கார்ந்து காலை ஒரு கல்லுல முட்டுக் கொடுத்தாங்க, கயிறை என் தலைக்கு மேல விழுற மாதிரி வீசினாங்க. “புடிடா!” கை தானா புடிச்சுக்கிச்சு. படிக்கட்டு வரைக்கும் இழுத்துட்டாங்க.

நம்ம தொழில்ல ஒரு ஜோக் உண்டு: “என் லேப்டாப்புல நல்லாத்தானே ஓடுச்சு!” அதேதான். நாலடிக் குளத்தில் மட்டும் டெஸ்ட் பண்ணின நீச்சல், கிணற்றில் கிராஷ் ஆயிடுச்சு.

அன்னைக்கு யாராவது என்னிடம் “நீச்சல் தெரியுமா?” என்று கேட்டிருந்தால் “தெரியும்” என்றுதான் சொல்லியிருப்பேன். அத்தையைக் கேட்டிருந்தால் “தெரியாது” என்றிருப்பார். ஆனால் உயிரைக் காப்பாற்றியது தெரியாத ஆள். அப்போ கேள்வியிலேயே ஏதோ கோளாறு இருக்கு இல்லையா? நீச்சல் ஸ்விட்ச் மாதிரி ஆன், ஆஃப் கிடையாது. அது ஒரு படிக்கட்டு. எந்தப் படியில நிற்கிறோம்னு தெரியணும். நடுவுல ஒரு படியைத் தாண்டிட்டு மேலே ஏறினவன் என்னை மாதிரிதான் விழுவான்.

மூழ்குவது எப்படி இருக்கும்?

படிகளுக்குப் போறதுக்கு முன்னாடி இதைச் சொல்லியாகணும். சினிமாவில் மூழ்குறவங்க கையை ஆட்டி “காப்பாத்துங்க”ன்னு கத்துவாங்க. நிஜத்தில் அப்படி நடப்பது குறைவு. ஃபிராங்க் பியா என்ற அமெரிக்க உயிர்காப்பாளர், மூழ்குபவர்களைப் படம் எடுத்து ஆராய்ந்தவர். அவர் கவனித்தது: வாய் தண்ணிக்கு மேலே வருகிற அந்த ஒரு நொடியில் மூச்சு விடவும் இழுக்கவும்தான் நேரம் இருக்கும், கத்த நேரம் இருக்காது. கைகள் பக்கவாட்டில் தண்ணியை அழுத்தும், ஆட்ட முடியாது. உடம்பு நிமிர்ந்தே இருக்கும், கால் உதைக்காது. இந்த நிலை சுமார் 20 முதல் 60 நொடி வரைதான். அப்புறம் உள்ளே.

அதனால தண்ணியில ஒருத்தர் திடீர்னு அமைதியாயிட்டா, அதுதான் எச்சரிக்கை. “ஏய், நல்லா இருக்கியா?”ன்னு கேளுங்க. பதில் வரலைன்னா அவருக்கு உதவி வேணும்.

யார் இந்தப் படிகளை வகுத்தது?

உலகத்துல பல நாடுகள் நீச்சலை லெவல் லெவலாகத்தான் சொல்லித் தருகின்றன. அமெரிக்க செஞ்சிலுவைச் சங்கத்தின் பாடத்திட்டத்தில் ஆறு நிலைகள். நெதர்லாந்தில் ஏ, பி, சி என்று மூன்று டிப்ளமோ. அங்கே குழந்தைகள் உடையோடு, காலில் செருப்போ ஷூவோ போட்டு நீந்திக் காட்டினால்தான் பாஸ். ஏன்னா கால்வாயில தவறி விழுறவங்க யாரும் நீச்சல் உடையில விழுறதில்லை.

எனக்கு ரொம்பப் பிடிச்சது பக்கத்துல இருக்கிற வங்கதேசம். நம்மள மாதிரியே வீட்டுக்கு வீடு குளம், ஆறு. அங்கே ‘ஸ்விம்சேஃப்’ என்ற திட்டத்தில் 4 முதல் 12 வயதுக் குழந்தைகளுக்கு ஊர்க் குளத்திலேயே மூங்கில் மேடை கட்டிக் கற்றுக்கொடுத்தார்கள். மொத்தம் 21 திறன்கள். கடைசித் தேர்வு மூன்றே விஷயம்: 25 மீட்டர் நீந்தணும், 30 நொடி மிதக்கணும், கரையில் இருந்தபடி ஒருவரைக் காப்பாற்றத் தெரியணும். 2012-ல் வெளியான ஆய்வில், கற்றுக்கொண்ட குழந்தைகளிடையே மூழ்கி இறப்பது 90 சதவீதத்துக்கும் மேல் குறைவாக இருந்தது. டைல்ஸ் போட்ட குளம் இல்லை, குளோரின் இல்லை. மூங்கில் மேடையும் கற்றுக்கொடுக்கத் தெரிந்த ஒரு ஆளும்தான்.

இவங்க எல்லாரிடமிருந்தும் எடுத்து, நம்ம கிணறு, குளம், ஆற்றுக்குத் தகுந்த மாதிரி ஆறு லெவலா சொல்றேன். ஒவ்வொரு லெவலுக்கும் ஒரு டெஸ்ட். பாஸ் ஆகாம அடுத்ததுக்குப் போகக்கூடாது. எதையும் தனியா முயற்சி பண்ணாதீங்க. நல்லா நீந்தத் தெரிந்த ஒரு ஆள் கை எட்டும் தூரத்துல இருக்கணும்.

லெவல் 0: கரை

தண்ணியைத் தொடாமலே பாஸ் ஆக வேண்டியது இது. நாலு வார்த்தைதான்: கூப்பிடு, நீட்டு, வீசு, குதிக்காதே. ஆளைக் கூப்பிடணும். கொம்பு, துடைப்பம், புடவை எதையாவது நீட்டணும். எட்டலைன்னா கயிறு, மூடிய காலி கேன், பிளாஸ்டிக் குடம் எதையாவது வீசணும். நீட்டும்போது படுத்தோ உட்கார்ந்தோ நீட்டணும், இல்லைன்னா நம்மையும் சேர்த்து இழுத்துடும். எங்க அத்தை செஞ்சது அப்படியே இதுதான்.

இது ஏன் முதல் படி? 2022 ஜூன் 5. நம்ம கடலூர் மாவட்டம், ஏ.குச்சிப்பாளையம், கெடிலம் ஆற்றுத் தடுப்பணை. குளிக்கப் போன ஏழு பேர் இறந்து போனார்கள். ஏழு பேருமே பெண்கள், பலர் சிறுமிகள். ஆழத்தில் சிக்கியவர்களைக் காப்பாற்றப் போனவர்களும் சேர்ந்தே மூழ்கினார்கள் என்றுதான் அன்றைய செய்திகள் சொல்லின. நினைச்சுப் பாருங்க, கண்ணு முன்னாடி தங்கச்சி மூழ்குறா, கரையில எப்படி நிற்க முடியும்? முடியாது. அதனாலதான் “குதிக்காதே”ன்னு மட்டும் சொல்லக்கூடாது. அந்த நேரத்துல கைக்கு வேற ஒரு வேலை தெரிஞ்சிருக்கணும். துப்பட்டாவை முடிச்சுப் போட்டு வீசுறதையும் பழகியிருக்கணும்.

டெஸ்ட்: பத்து மீட்டர் கயிறு, முனையில கொஞ்சம் தண்ணி ஊத்தின கேன். நிற்கிற ஆளோட கைக்கு எட்டுற மாதிரி மூணு தடவையில ரெண்டு தடவை வீசணும். இதை மொட்டை மாடியிலேயே பழகலாம்.

லெவல் 1: மூச்சு

இடுப்பளவு தண்ணி. படியைப் பிடிச்சுக்கிட்டு முகத்தை உள்ளே விட்டு வாயாலும் மூக்காலும் குமிழி விடணும். மேலே வந்து வாயால இழுக்கணும். பார்க்க சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். ஆனா மூக்குல தண்ணி போனதும் பதறாம இருக்கிற பழக்கம் இங்கதான் வருது. நான் தாண்டின முதல் படி இதுதான்.

டெஸ்ட்: நிறுத்தாம பத்து தடவை, முகத்தைத் துடைக்காம.

லெவல் 2: மிதப்பு

நம்ம ஊருல பசங்களுக்கு முதுகுல காய்ந்த சுரைக்குடுக்கை கட்டி விடுவாங்க. இப்போ அந்த இடத்துக்கு அஞ்சு லிட்டர் கேன் வந்துடுச்சு. தத்துவம் ஒண்ணுதான்: காற்று மேலே தூக்கும். ஆனா ஒரு கணக்கு பாருங்க. பெரியவர்களின் நுரையீரல் முழுசா நிரம்பினா சுமார் 4 முதல் 6 லிட்டர் காற்று பிடிக்கும். அதாவது, அந்தக் கேன் ஏற்கெனவே நம்ம நெஞ்சுக்குள்ளேயே இருக்கு.

மல்லாந்து படுங்க. காது தண்ணிக்குள்ள இருக்கணும், தாடை மேலே, நெஞ்சு நிறைய மூச்சு. கை தண்ணிக்குள்ளேயே விரிஞ்சிருக்கட்டும். கையையோ தலையையோ வெளியே தூக்கினால் அந்த எடையைத் தண்ணி தாங்காது. அதற்கு ஈடாக முகம் உள்ளே போகும். பதறுகிறவன் மூழ்குவதற்குக் காரணமே இதுதான். சிலருக்கு, முக்கியமா ஒல்லியா இருக்கிறவங்களுக்கு, கால் கீழே இறங்கும். இறங்கட்டும். முகம் மேலே இருந்தா போதும்.

டெஸ்ட்: எதையும் பிடிக்காம 30 நொடி. அப்புறம் ஒரு நிமிஷம்.

லெவல் 3: திரும்பி வா

குதி, மேலே வா, மிதந்து மூச்சு வாங்கு, வந்த வழிக்குத் திரும்பு, கரையைப் பிடி, ஏறி வெளியே வா. கடைசி வார்த்தையை விட்டுடாதீங்க. பாசி பிடித்த படி, நேர்ச்சுவர்க் கிணறு இதிலெல்லாம் ஏறுவதுதான் கஷ்டம். குதிக்கிறதுக்கு முன்னாடியே எந்தப் பக்கம் ஏறுவோம்னு பார்த்து வைங்க.

டெஸ்ட்: தலைக்கு மேல ஆழம் உள்ள தண்ணியில, பக்கத்துல ஆளோட, மூணு தடவை.

லெவல் 4: தூரம்

25 மீட்டர். எந்த ஸ்டைலா இருந்தாலும் சரி, நாய் நீச்சலானாலும் சரி. கூடவே நின்ற இடத்திலேயே காலால் மிதித்து ஒரு நிமிஷம் தலையை மேலே வைக்கணும். ஃப்ரீஸ்டைல், பட்டர்ஃபிளை எல்லாம் இதுக்கு அப்புறம். நான் நேரா இங்க வந்து உட்கார்ந்தவன்.

லெவல் 5: நிஜத் தண்ணி

ஒரு இடத்தில் பாஸ் ஆனது இன்னொரு இடத்தில் செல்லாது. கூடலையாற்றூரில் வெள்ளாறும் மணிமுத்தாறும் சேருது. ஆத்துல போன வாரம் முழங்கால் அளவு இருந்த இடம் இந்த வாரம் பள்ளமாகியிருக்கலாம். இழுத்துட்டுப் போனா எதிர்த்து நீந்தாம, மல்லாந்து, காலை முன்னாடி வைத்து மிதந்தபடி, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைப் பக்கம் சாயணும். மாசி மகத்துக்கு எங்க ஊர் சாமி கிள்ளைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரி போகும், கூடவே நாங்களும் போவோம். கிணற்று நீச்சல் கடலுக்குப் போதாது. கடல் உள்ளே இழுத்தால் கரையை நோக்கி முட்டி மோதாம, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பை விட்டு வெளியே வரணும். முடியலைன்னா லெவல் 2, மிதப்பு.

டெஸ்ட்: பேன்ட், சட்டையோட, சுடிதாரோட, 1 முதல் 4 வரை எல்லாத்தையும் திரும்பச் செய்யணும்.

ஒரு விஷயம் மட்டும். வெளியே எடுத்தவரைத் தலைக்கு மேல சுத்துறது, வயிற்றை அமுக்கித் தண்ணி எடுக்கிறது வேண்டாம். 108-க்குக் கூப்பிடுங்க. மூச்சு இல்லைன்னா வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்கணும், நெஞ்சை அழுத்தணும். முதலுதவி வகுப்புல இதைச் சேர்த்துக் கத்துக்கோங்க.

கடைசியா, வீட்டுக் கதை

இந்தியாவில் வருஷத்துக்கு 30,000 பேருக்கு மேல் மூழ்கி இறக்கிறதாக தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் சொல்லுது. நம்ம வீடுகளில் பையனை எட்டு வயசுலேயே கிணற்றுல தள்ளி விட்டுடறோம். பொண்ணுக்கு “தண்ணிப் பக்கம் போகாதே” என்பதோட பாடம் முடிஞ்சுடுது. ஆனா துணி துவைக்க, குளிக்க, ஆடு மாடு கழுவ அவங்களும் தண்ணிப் பக்கம் போகத்தான் செய்றாங்க.

போன கோடை லீவுல அத்தையோட பேத்திக்கு, ஒன்பது வயசு, மாமா பையனும் நானும் சேர்ந்து சொல்லிக் கொடுத்தோம். முதல் நாள் லெவல் 0. கயிறு வீச வாத்தியார் அத்தைதான். முகத்தை உள்ளே விடவே பொண்ணுக்கு அஞ்சு நாள் ஆச்சு. ரெண்டாவது வாரக் கடைசியில மல்லாந்து படுத்தா. நான் சத்தமா எண்ணினேன், முப்பத்தொண்ணு வரைக்கும்.

கரையில அத்தை கயிறோட உட்கார்ந்திருந்தாங்க. “எங்க காலத்துல யாரும் சொல்லித் தரலையேடா”ன்னாங்க. “இப்ப இறங்குங்க அத்தை, முதல் படியில நில்லுங்க, போதும்”னேன். சிரிச்சுக்கிட்டே வேண்டாம்னுட்டாங்க. மறுநாள் நாங்க போறதுக்கு முன்னாடியே புடவையை இழுத்துச் செருகிக்கிட்டு படியில நின்னாங்க. இப்போதைக்கு லெவல் 1, நாலு குமிழி.

இந்த வாரம் உங்க வீட்டுல “நீச்சல் தெரியுமா?”ன்னு கேட்காதீங்க. “முப்பது நொடி மிதப்பியா? கயிறு வீசத் தெரியுமா?”ன்னு கேளுங்க. அம்மாவையும் அக்காவையும் சேர்த்துக் கேளுங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.