தூதரக வாசலில் பாரா நின்றவன் சொல்கிறேன்

"வெளிநாட்டுக்காரன் ஆபீசுக்கு நம்ம வரிப்பணத்துல எதுக்கு சார் போலீஸ் காவல்?" சேலையூரில் டீக்கடைக்குப் போனால் யாராவது இப்படிக் கேட்டுவிடுகிறார்கள். ஆயுதப்படையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். தாம்பரத்தில் மின்சார ரயில் பிடித்துப் போய், ஜெமினி மேம்பாலம் அருகே அமெரிக்கத் துணைத் தூதரக வாசலில் பாரா நின்றிருக்கிறேன். அதனால் பதில் சொல்லும் பொறுப்பு எனக்கு உண்டு.

அந்த வளாகம் அமெரிக்க மண் என்று பலர் நினைக்கிறார்கள். அது இந்திய மண்தான். ஆனால் அலுவலகப் பகுதிக்குள் அவர்கள் சம்மதமில்லாமல் நம் போலீஸ் நுழைய முடியாது. தீ விபத்து போன்ற அவசரத்தில் மட்டும் சம்மதம் இருப்பதாகவே எடுத்துக்கொள்ளலாம். தூதரகங்களுக்கு 1961, துணைத் தூதரகங்களுக்கு 1963 என இரண்டு வியன்னா உடன்படிக்கைகள் இருக்கின்றன. இரண்டையும் இந்தியா ஏற்றிருக்கிறது. வெளியிலிருந்து யாரும் அத்துமீறாமல் காப்பது அந்தந்த நாட்டு அரசின் தனிக் கடமை என்று இரண்டுமே சொல்கின்றன. கூட்டம் செய்த வேலை என்று அரசு கைகழுவ முடியாது. தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகத்தைக் கூட்டம் கைப்பற்றிய வழக்கில் சர்வதேச நீதிமன்றம் 1980-இல் ஈரானிடம் இதைத்தான் சொன்னது.

பாராவில் கண்ணுக்குத்தான் வேலை. விசாவுக்கு வந்த குடும்பம் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, செல்போனை யாரிடம் கொடுப்பது என்று தவிக்கும். அவர்களை வரிசையில் அனுப்பிக்கொண்டே, ஆளில்லாத பை, நகராமல் நிற்கும் வண்டி, திரும்பத் திரும்ப வரும் முகம் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்.

2012 செப்டம்பர் 11-இல் லிபியாவின் பெங்காசியில் அமெரிக்கத் தூதர் கிறிஸ்டோபர் ஸ்டீவன்ஸ் கொல்லப்பட்டார். மூன்று நாள் கழித்து, அமெரிக்காவில் எடுக்கப்பட்ட, நபிகளை இழிவுபடுத்திய ஒரு படத்தை எதிர்த்து ஜெமினியில் கூட்டம் திரண்டது. கற்கள் பறந்தன, கண்ணாடிகள் உடைந்தன. படத்தின் மீது வந்த கோபம் நியாயமானது. விசா கொடுக்கும் அதிகாரி அந்தப் படத்தை எடுக்கவில்லையே!

அதே ஆண்டு எங்கள் ஊரிலும் ஒரு பிரச்சினை எழுந்தது. தாம்பரம் விமானப்படைத் தளத்தில் இலங்கை விமானப்படையினர் ஒன்பது பேருக்குப் பயிற்சி என்று ஜூலையில் தெரிந்ததும் தமிழகம் கொதித்தது. முதல்வர் ஜெயலலிதா கண்டித்தார், கட்சிகள் கண்டித்தன. மத்திய அரசு அவர்களைக் கர்நாடகத்தின் எலகங்காவுக்கு மாற்றியது. கோரிக்கை போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் செப்டம்பரில், பூண்டி மாதாவையும் வேளாங்கண்ணி மாதாவையும் கும்பிட வந்த இலங்கைப் பயணிகளின் பேருந்துகள் திருச்சி அருகே தாக்கப்பட்டன. ஈழத்தின் வலி எனக்கும் உண்டு. ஆனால் ஜெபமாலையோடு வந்தவர்களை அடித்ததால் அந்த வலி ஒரு துளிகூடக் குறையவில்லை.

தூதரகங்களைக் காப்பதில் நம் சுயநலமும் இருக்கிறது. 2008 ஜூலை 7-இல் காபூலில் நம் தூதரக வாசலில் வெடித்த கார் குண்டு ஐம்பதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. பிரிகேடியர் ரவி தத் மேத்தாவும் அதிகாரி வெங்கடேஸ்வர ராவும் அங்கேயே இறந்தார்கள். 2023 மார்ச்சில் லண்டன் இந்தியத் தூதரகத்தில் நம் தேசியக் கொடியை இழுத்து இறக்கினார்கள். அன்றிரவே டெல்லி, பிரிட்டிஷ் அதிகாரியை வரவழைத்து, காவல் எங்கே போனது என்று கேட்டு, வியன்னா உடன்படிக்கையை நினைவூட்டியது. இங்கே ஒழுங்காகக் காவல் நின்றால்தான் அங்கே அப்படிக் கேட்க நமக்கு வாய் இருக்கும்.

போராடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அனுமதித்த இடத்தில் கூடித் தொண்டை வற்றக் கோஷம் போடலாம், மனு கொடுக்கலாம். கல்லெடுக்காத வரை, அந்தக் கோஷத்துக்கும் சேர்த்துத்தான் வாசலில் நிற்கும் போலீஸ்காரர் காவல் இருக்கிறார்.