புளித்த மண்ணும் திரும்பிய கடலும்



மோர் புளிக்கும் என்பதை நாம் அறிவோம். மண்ணும் புளிக்குமோ? புளிக்கும் என்கின்றனர் இரசாயனவியலார். நான் கலைப்பட்டதாரி, ஆதலின் சூத்திரங்களைத் தவிர்த்தே இவ்விடயத்தைச் சொல்ல முயல்வேன்.

கண்டல் மரங்கள் செறிந்த கடலோரச் சேற்றில் மூன்று பொருள்கள் ஒருங்கே கூடுகின்றன: கடல்நீர் கொணரும் சல்பேற்று, மண்ணிலுள்ள இரும்பு, உதிர்ந்து மக்கும் இலைதழை. காற்றுப் புகாத அச்சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் இவற்றிலிருந்து பைரைற்று என்னும் இரும்புக் கந்தகப் பொருளை ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்த்துவைத்திருக்கின்றன. நீருக்கடியிற் கிடக்கும்வரை அதனால் தீங்கில்லை. நீரை வடித்துக் காற்றைப் புகவிட்டாலோ அது கந்தகவமிலமாக மாறுகின்றது. ஒரு தொன் பைரைற்று முற்றாக மாறின், ஒன்றரைத் தொன்னுக்கு மேற்பட்ட அமிலம் பிறக்கும்!

அவுஸ்திரேலியாவின் குயின்சுலாந்திலே, கேண்ஸ் நகருக்கு எதிர்க்கரையில், கிழக்குத் திரினிற்றி என்னும் சதுப்புநிலம் உண்டு. 1970களில் அங்கே கரும்பு பயிரிட விரும்பியோர் அணைகட்டிக் கடலைத் தடுத்து, 700 ஹெக்டேயருக்கு மேற்பட்ட நிலத்தை உலர்த்தினர். கரும்பு செழிக்கவில்லை. அமிலமானது மண்ணிலுள்ள அலுமினியத்தையும் இரும்பையும் கரைத்துக்கொண்டு ஓடைகளில் வடிந்தது, மீன்கள் மடிந்தன, கண்டல்கள் பட்டன. நம் நாட்டிலும், மாத்தறைப் பகுதியில், நில்வளா கங்கையின் வெள்ளத்தைத் தடுக்க 1980களில் மேற்கொண்ட வடிகால் வேலைகளின் பின்னர் சில வயல்கள் இவ்வாறே புளித்துப்போயின.

2000ஆம் ஆண்டில் குயின்சுலாந்து அரசு அந்நிலத்தை வாங்கியது. மண் முழுவதற்கும் சுண்ணாம்பிடுவதென்றால் பெருஞ்செலவாகும். எனவே மதகுகளைப் படிப்படியாகத் திறந்து கடற்பெருக்கை உள்ளே விட்டனர். அந்நீரிலே ஓரளவு சுண்ணாம்பும் கலந்தனர்.

இனி மண்ணுக்குள் நிகழ்ந்ததைக் கேளுங்கள். முதலாவது, காற்று அடைபட்டமையால் புதிய அமிலம் பிறப்பது நின்றது. கடல்நீரில் இயல்பாகவே உள்ள காரத்தன்மை பழைய அமிலத்தில் ஒரு பகுதியைத் தணித்தது. எஞ்சிய பெரும்பணியைச் செய்தவை பழைய நுண்ணுயிர்களே. ஒட்சிசன் கிடையாதபோது அவை மக்கிய தாவரங்களை உண்டு, இரும்புத் துருவையும் சல்பேற்றையும் கொண்டு சுவாசிக்கின்றன. அச்செயலில் அமிலம் செலவாகிக் காரம் தோன்றுகின்றது. அமிலத்தை அளக்கும் பீ.எச். அளவு ஓர் அலகு உயர்ந்தால் அமிலத்தன்மை பத்திலொன்றாகக் குறையும். அங்கே பல இடங்களில் இரண்டு மூன்று அலகுகள் உயர்ந்தன. மீன்களும் கண்டல்களும் மீண்டு வந்தன.

ஆயினும் இம்மருந்துக்கும் ஒரு பக்கவிளைவு உண்டு. இரும்புத் துருவானது ஆசனிக்கு என்னும் நஞ்சைத் தன்மேற் பற்றிவைத்திருப்பது. துரு கரையும்போது ஆசனிக்கும் விடுபட்டு மண்ணீரிற் கலக்கின்றது. நற்பேறாக, அந்நீர் மேலே காற்றைச் சந்திக்கும் இடத்தில் இரும்பு மறுபடியும் துருவாகப் படிந்து நஞ்சிற் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்கின்றது. அளந்து பார்த்துக்கொண்டே மதகைத் திறக்கவேண்டும் என்று வல்லுநர் கூறுவதன் காரணம் இதுவே.

மற்றொன்றும் உண்டு. கரைந்த இரும்பும் சல்பேற்றிலிருந்து வந்த கந்தகமும் மீண்டும் கூடுகின்றன. பைரைற்றும் அதன் இனத்தைச் சேர்ந்த கறுத்த சேறும் இப்போது மேல்மண்ணுக்கு அருகிலேயே சேர்கின்றன. அக்கறுத்த சேறு காற்றுப்பட்டால் மிக விரைவில் மாறுவது. மதகுகளை அடைத்து அந்நிலத்தை மறுபடி உலர்த்தினால், மண் புளிப்பதற்கு முன்போல் நெடுநாள் பிடியாது.