டிரிப்ஸ் மாறினால் யாரிடம் சொல்வது?

மேலப்பாளையத்துத் தெருவில் நின்று 'பாத்திமா!' என்று குரல் கொடுத்துப் பாருங்கள். பத்துப் பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். தெருவில் இது தமாஷ். ஆஸ்பத்திரி வார்டில்?

காய்ச்சல் என்று உம்மாவை ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். பக்கத்துக் கட்டில் அம்மாவும் பாத்திமாதான். அவருக்கு ஏற வேண்டிய டிரிப்ஸ், உம்மாவின் ஸ்டாண்டில் தொங்கியது! நர்ஸ் பெண் பதறி ஓடிவந்து கழற்றினாள்.

"அண்ணே, டாக்டர்கிட்ட சொல்லிராதீங்க. வேலை போயிரும்..."

உம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. என்னே என் நல்ல மனசு என்று மெச்சிக்கொண்டேன்.

மலேசியாவில் ஆஸ்பத்திரி வேலை பார்க்கும் சிநேகிதன் லீவில் வந்தபோது இதைச் சொன்னேன். "போலே! நாளைக்கு இன்னொரு பாத்திமாவுக்கு நடந்தா?" என்றவன், அங்கே தான் நிரப்பிய ஒரு கேள்வித்தாளைப் பற்றிச் சொன்னான்.

கதை அமெரிக்காவில் ஆரம்பம். அங்கே ஆஸ்பத்திரித் தவறுகளால் வருஷத்துக்கு 44,000 முதல் 98,000 பேர் வரை சாகலாம் என்று 1999-ல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் அறிக்கை குண்டு போட்டது. ஆளைத் திட்டாதே, முறையைத் திருத்து என்றது. 2004-ல் அந்நாட்டு அரசு அமைப்பு ஒன்று 42 கேள்விகளோடு ஒரு படிவம் வெளியிட்டது. கேள்விகள் நோயாளிக்கு அல்ல, ஊழியருக்கு! தவறைச் சொன்னால் பிரச்னையைப் பார்க்கிறார்களா, ஆளைப் பிடிக்கிறார்களா? நம்ம ஆபீசுக்கும் பொருந்துதே என்கிறீர்களா? உஷ்... மானேஜர் காதில் விழப்போகிறது!

படிவம் மலாய் உள்பட பல மொழிகளுக்குப் போனது. பாதுகாப்புக்கு மலாயில் 'கெசெலாமத்தான்'. உள்ளே ஒளிந்திருப்பது அரபு 'சலாமத்'! ஆனால் தேசப் பாதுகாப்புக்கும் அங்கே அதே சொல்தான். தமிழ் மட்டும் என்னவாம்? 'நோயாளி பாதுகாப்பு எப்படி?' என்றால், "வாசல்ல வாட்ச்மேன் இருக்காரே" என்றுதான் பதில் வரும்.

அதனால் ஒருவர் மொழிபெயர்க்க, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுவருவார். இரண்டும் டாலி ஆகவேண்டும். பி.காம். படித்த எனக்கு இது ட்ரையல் பேலன்ஸ்! ஆனால் அது டாலி ஆனாலும் உள்ளே பிழை ஒளிந்திருக்கலாமே? எனவே ஊழியர்களிடம் கொடுத்து நிரப்பச் சொல்கிறார்கள். ஒரே விஷயத்தைத் தொடும் கேள்விகளுக்குப் பதில்கள் ஒத்துப்போகின்றனவா என்று 'கிரான்பாக் ஆல்ஃபா' கணக்குப் போடுகிறார்கள். பொதுவாக 0.7 வந்தால் பாஸ். எதிர்மறைக் கேள்விகள்தான் வில்லன். 'ஊழியர்கள் கேள்வி கேட்கப் பயப்படுகிறார்கள்' என்பதற்கு 'இல்லை' என்பதே நல்ல மார்க். அவசரத்தில் டிக் அடித்தால் எல்லாம் தலைகீழ்!

"பேர் எழுதணுமா?" என்று கேட்டேன்.

"பேர் கேட்டா எவன்லே உண்மையை எழுதுவான்?"

கணக்கில் பிழை வந்தால் அழிக்காதே, திருத்தப் பதிவு எழுது என்று காலேஜில் படித்தவன் நான். உம்மா விஷயத்தில் அழித்துவிட்டேனே! உறுத்தியது. மறுநாளே அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். நடந்ததைச் சொல்லி, "கட்டில் அட்டையில வயசு, வாப்பா பேரு எல்லாம் சேர்த்து எழுதுங்களேன்" என்றேன்.

பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள். பிறகு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள்.

"அது எந்த நர்ஸ்?"