லினக்ஸ் மெய்நிகர்ப் பொறிகளில் வட்டுச் சேமிப்பு: கலைச்சொல்லும் கட்டளைத்தொடரும்

கணிப்பொறி நூல்களைத் தமிழாக்குவது பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலானவை பெயர்ச்சொற்களையே பேசுகின்றன. ஒரு பொருளுக்கு எச்சொல் தகும், அது வடசொல்லா, தனித்தமிழா, ஒலிபெயர்ப்பா என்பதிலேயே வாதம் முடிந்துவிடுகிறது. ஆனால் செய்முறை நூலைப் படிப்பவர் படித்ததோடு நிற்பதில்லை, படித்ததைச் செய்கிறார். அச்செயலில் பிழை நேர்வதற்குப் பெயர்ச்சொல்லைக் காட்டிலும் வேற்றுமை உருபும் வினையெச்சமும் காரணமாகும் இடங்கள் உள. லினக்ஸ் இயங்குதளத்தில் வட்டுச் சேமிப்பை மேலாளும் பகுதி அத்தகையது. இங்கு ஒரு தொடரைப் பிறழ உணர்ந்தால் இழப்பது பொருள்நயம் அன்று; வட்டில் உள்ள தரவு.

சேமிப்பின் அமைப்பு

பழைய முறையில் ஒரு வன்வட்டு சில பாகங்களாகப் பிரிக்கப்படும். ஒவ்வொரு பாகத்திலும் ஒரு கோப்பு முறைமை அமையும். ஒரு பாகம் நிரம்பிவிட்டால், அடுத்த பாகத்தில் எவ்வளவு இடம் வெறுமையாகக் கிடந்தாலும் அதனைப் பயன்படுத்த இயலாது. இக்குறையைப் போக்கவே ‘லாஜிகல் வால்யூம் மேனேஜர்’, சுருக்கமாக எல்விஎம், தோன்றியது. எச்பி-யூஎக்ஸ் இயங்குதளத்தில் இருந்த ஏற்பாட்டைப் பின்பற்றி, லினக்ஸுக்கு இதனை 1998 இல் எழுதியவர் ஹைன்ஸ் மாவல்ஸ்ஹாகன். 2003 இறுதியில் வெளியான 2.6 கருநிரலோடு அதன் இரண்டாம் தலைமுறை நிலைபெற்றது.

இதன் அடிப்படை எளியது. வட்டுகளோ வட்டுப்பாகங்களோ முதலில் ‘ஃபிசிகல் வால்யூம்’ எனக் குறியிடப்படுகின்றன. அவை பல சேர்ந்து ஒரு ‘வால்யூம் குரூப்’ ஆகின்றன. அந்தத் திரள் முழுதும் ஒரே அளவான சிறு கூறுகளாகக் கருதப்படுகிறது. வேறு அளவு குறிப்பிடாதவிடத்து ஒரு கூறு 4 மெபிபைட். வேண்டிய எண்ணிக்கையில் கூறுகளை ஒதுக்கினால் அது ‘லாஜிகல் வால்யூம்’. அதன்மீதே கோப்பு முறைமை அமைகிறது. ஒதுக்கப்படும் கூறுகள் அடுத்தடுத்து இருக்க வேண்டுவதில்லை. ஒரே வட்டில் இருக்கவும் வேண்டுவதில்லை.

பல வயல்களின் நெல்லைக் குதிரில் கொட்டி, மரக்காலால் அளந்து வெவ்வேறு செலவுக்கு ஒதுக்குவதோடு இதனை ஒப்பிடலாம். ஒப்புமை ஓரிடத்தில் மட்டும் முறியும். குதிரில் விழுந்தபின் எந்த நெல் எந்த வயலினது என்று கேட்க முடியாது. எல்விஎம்மோ எந்தக் கூறு எந்த வட்டில் எவ்விடத்தில் உள்ளது என்பதற்கு அட்டவணை வைத்திருக்கிறது. ஆகவேதான், ஒரு வட்டைக் கழற்ற வேண்டுமானால் அதிலுள்ள கூறுகளை மட்டும் வேறு வட்டுக்குப் பெயர்த்துவிட முடிகிறது.

ஒலிபெயர்ப்பே போதும் என்பார்க்கு இவ்விடத்தில் ஓர் இடர் காத்திருக்கிறது. கூறு என்பதைக் குறிக்கும் ஆங்கிலப் பெயர்ச்சொல் ஒலிப்பிலா இறுதியுடையது; விரிவாக்கு என்பதைக் குறிக்கும் வினை ஒலிப்புடை இறுதியுடையது. தமிழில் மூக்கொலியை அடுத்து வரும் வல்லினம் ஒலிப்புடையதாகவே ஒலிக்கும். எழுத்திலும் வேறுபாடு இல்லை. எனவே இரண்டும் ‘எக்ஸ்டென்ட்’ என்றே ஆகிவிடுகின்றன. ‘எக்ஸ்டென்ட் செய்ய எக்ஸ்டென்ட் போதவில்லை’ என்ற தொடரை எழுதிப் பார்த்தால் இடர்ப்பாடு விளங்கும்.

‘ஃபிசிகல்’ எதனைக் குறிக்கிறது?

‘ஃபிசிகல் வால்யூம்’ என்பதற்கு ‘இயற்பியல் தொகுதி’ என்னும் மொழிபெயர்ப்பு, குறிப்பாக எந்திர மொழிபெயர்ப்புகளில், காணப்படுகிறது. இயற்பியல் ஒரு துறையின் பெயர். ஒரு வட்டுக்கு அது அடையாகாது. ‘பருநிலை’, ‘தூல’ என்பன இதனினும் மேல் எனத் தோன்றலாம். கையால் தொடத்தக்க பொருள் என்னும் கருத்தை அவை தருகின்றன. ஆனால் மெய்நிகர்ப் பொறியில் அக்கருத்தே பொய்க்கிறது.

மெய்நிகர்ப் பொறி என்பது ஒரு கணிப்பொறிக்குள் மென்பொருளால் அமைக்கப்படும் மற்றொரு கணிப்பொறி. லினக்ஸில் இதற்குரிய கேவிஎம் என்னும் ஏற்பாடு 2007 இல் வெளியான 2.6.20 கருநிரலில் இடம்பெற்றது. விருந்தினர் பொறி தனக்கு ஒரு வட்டு இருப்பதாகக் கருதுகிறது. புரவலர் பொறியில் அது ஒரு கோப்பாக இருக்கலாம். புரவலர் தன் எல்விஎம்மில் வகுத்தளித்த ஒரு ‘லாஜிகல் வால்யூம்’ ஆகவும் இருக்கலாம். இப்பின்னைய நிலையில், புரவலருக்கு ‘லாஜிகல்’ எனப்படுவதே விருந்தினருக்கு ‘ஃபிசிகல்’ ஆகிறது. பொருள் ஒன்றே, நிற்கும் நிலை மாறியதால் பெயர் மாறியது. முறைப்பெயர்களும் இத்தகையனவே: ஒருவரே ஒருவர்க்கு மாமனாகவும் மற்றொருவர்க்குத் தம்பியாகவும் இருப்பார். எனவே இங்கு வேண்டுவது பொருளின் தன்மையைக் கூறும் அடை அன்று; அடுக்கில் அதன் இடத்தைக் கூறும் அடை. கீழே நிற்பதற்கு ‘அடி’ என்பதும், அதிலிருந்து வகுத்தெடுக்கப்படுவதற்கு ‘வகு’ என்பதும் போதும். ‘தருக்க’, ‘ஏரண’ என்னும் அடைகள் அளவை நூலை நினைவூட்டுவதன்றி வேறு பயன் தருவனவல்ல.

‘மெய்நிகர்’ என்பது நிலைபெற்றுவிட்ட சொல். அதற்குமுன் வழக்கு வேறாகவும் இருந்தது. 2001 இல் தமிழக அரசு தொடங்கிய பல்கலைக்கழகத்தின் ஆங்கிலப் பெயரில் ‘விர்ச்சுவல்’ என்று இருந்ததைத் தமிழில் ‘இணைய’ என்று ஆக்கினர். அப்பெயர்க்கு அது மிகப் பொருந்தியது. ஏனெனில் இணையவழிக் கற்பித்தலே அங்குக் குறித்த பொருள். அதே சொல்லை இங்கு வைத்தால், இணையத்தோடு தொடர்பே இல்லாத ஒரு பொறி ‘இணையப் பொறி’ ஆகிவிடும்.

‘வால்யூம்’, பாகம், பகிர்வு

‘வால்யூம்’ என்பதன் இலத்தீன் மூலம் சுருளைக் குறித்தது. ஓலையையோ தோலையோ போலச் சுருட்டி வைக்கப்பட்ட ஏடு நூலாயிற்று. நூலின் பருமை பொதுவான பருமனாயிற்று. பின்னர் ஒலியின் அளவும் ஆயிற்று. 1964 இல் அறிவிக்கப்பட்ட ஐபிஎம் 360 வரிசைக் கணிப்பொறிகளில் ஒரு நாடாச்சுருளும் கழற்றத்தக்க ஒரு வட்டடுக்கும் ‘வால்யூம்’ எனப்பட்டன. அவ்வட்டில் இருந்த பட்டியலுக்கு நூலில் உள்ளது போலப் ‘பொருளடக்கம்’ என்றே பெயர். சுருளில் பிறந்த சொல் நாடாச்சுருளுக்கே திரும்பி வந்தது ஒரு தற்செயல்.

தமிழில் இம்மூன்று பொருளும் ஒரு சொல்லில் அடங்கவில்லை. நூலுக்குத் தொகுதி, இதழுக்கு மலர், அளவுக்குத் தமிழகப் பாடநூல்களில் பருமன், கன அளவு, இலங்கையில் கனவளவு. வட்டுக்குத் ‘தொகுதி’ என்பதே மிகுதியும் எடுத்தாளப்பட்டுள்ளது. ஆயினும் நிரலின் ‘மாட்யூல்’ என்பதற்கும், வட்டின் ‘பிளாக்’ என்பதற்கும் அதே சொல் வழங்குகிறது. ஒரே பத்தியில் மூன்றும் வரும் நூலில் இது தாங்காது. ‘கொள்கலம்’ எனலாமெனில், அது ‘கன்டெய்னர்’ என்னும் மற்றொரு நுட்பத்துக்கு உரியதாகிவிட்டது. கலம் என்பது ஏனத்தையும் முகத்தலளவையையும் ஒருங்கே குறிக்கும் பழஞ்சொல். அடிக்கலம், கலத்திரள், வகுகலம் என்னும் மூன்றும் ஒன்றோடொன்று கொண்ட உறவைத் தம் வடிவிலேயே காட்டுகின்றன. இலங்கையில் உயிரணுவும் கலம் எனப்படுவது உண்மை. உயிரியலும் வட்டும் ஒரே பக்கத்தில் சந்திக்கும் வாய்ப்புக் குறைவு.

இதனினும் தீங்கு பயப்பது ‘பகிர்வு’ என்னும் சொல். வட்டைப் பிரித்த ‘பார்ட்டிஷன்’ என்பதற்கும், பிறரோடு கோப்புகளைப் பொதுவாக்கும் ‘ஷேர்’ என்பதற்கும் இது வழங்குகிறது. ‘பகிர்வை நீக்குக’ என்றால், பின்னையதில் பிறர் அணுகுவது மட்டுமே நிற்கும். முன்னையதில் அவ்விடத்துக் கோப்பு முறைமையே கண்ணுக்கு மறைந்துவிடும். குடும்பச் சொத்தைப் பிரிப்பதற்குப் பத்திரப் பதிவில் வழங்கும் பாகப்பிரிவினை என்னும் சொல் கையில் இருக்க, ‘பாகம்’ என்பதை விட்டு இதனைத் தேடிச் சென்றது வியப்பே.

அளவும் உருபும்

பெயர்ச்சொல் சீராகிவிட்டால் நூல் சீராகும் என்பதில்லை. ‘எல்வி ரெட்யூஸ்’ என்பது வகுகலத்தின் அளவைக் குறைக்கும் கட்டளை. அதில் அளவைத் தரும்போது எண்ணுக்குமுன் கழித்தற்குறி இட்டால் அவ்வளவு குறையும். இடாவிட்டால் அதுவே புதிய மொத்த அளவாகும். 100 ஜிகாபைட் வகுகலத்துக்குக் குறியோடு 10 என்று தந்தால் 90 மிஞ்சும்; குறியின்றித் தந்தால் 10 மிஞ்சும்.

ஆங்கிலத்தில் இவ்வேறுபாட்டை இரு முன்னிடைச்சொற்கள் தாங்குகின்றன. தமிழாக்கத்தில் ‘10 ஜிகாபைட் அளவுக்குக் குறைக்கவும்’ என்ற தொடர் வந்தால் என்ன கொள்வது? ‘விலையைப் பத்து ரூபாய்க்குக் குறைத்தார்’ என்றால் இறுதி விலை பத்து. ‘பத்து ரூபாய் குறைத்தார்’ என்றால் கழிவு பத்து. ‘பத்து ரூபாய் அளவுக்குக் குறைத்தார்’ என்றாலோ பெரும்பாலார் கழிவு பத்து என்றே கொள்வர். மொழிபெயர்ப்பாளர் கருதியது இறுதி அளவு. ‘அளவுக்கு’ என்னும் சொல் பேச்சில் ‘ஏறத்தாழ’ என்னும் பொருளும் ஏற்றுவிட்டதே இதற்குக் காரணம். சந்தையில் விலை தெரிந்திருப்பதால் மயக்கம் நேராது. கட்டளைவரியில் அத்தகைய சூழல் இல்லை. ஒரு கோடு மட்டுமே உண்டு.

‘10 ஜிகாபைட்டால் குறைக்க’ என மூன்றாம் வேற்றுமையால் இதனைத் தீர்க்க முயல்வோர் உளர். அது ஆங்கிலத்தின் நிழல். தமிழர் எவரும் விலையைப் பத்து ரூபாயால் குறைப்பதில்லை. கடைக்காரர் மொழியிலேயே தீர்வு உள்ளது: ‘இன்னும் 10 கூட்டுக’, ‘இருப்பதில் 10 கழிக்க’, ‘மொத்தம் 10 ஆக்குக’. ‘இன்னும்’, ‘இருப்பதில்’, ‘மொத்தம்’ என்னும் சொற்கள் உருபு சுமக்க இயலாத சுமையைத் தாங்குகின்றன.

விரிவாக்குவதில் இப்பிழை நேர்ந்தால் கேடில்லை. 100 ஜிகாபைட் கலத்தை மொத்தம் 10 ஆக ‘விரிவாக்கு’ எனில் ‘எல்வி எக்ஸ்டெண்ட்’ மறுத்துவிடும். குறைப்பதில்தான் பிழையும் செல்லுபடியாகும் கட்டளையாக அமைந்துவிடுகிறது. பழைய பதிப்புகள் புதிய அளவைக் காட்டி, தரவு அழியக்கூடும் என எச்சரித்து, ஆம், இல்லை கேட்பதோடு நின்றன. அண்மைப் பதிப்புகள் கோப்பு முறைமையின் அளவையும் நோக்கித் தடுக்கின்றன. எனினும் எல்லாப் பொறிகளிலும் அண்மைப் பதிப்பே இருக்கும் என எதிர்பார்க்க இயலாது.

செயலின் வரிசை

மெய்நிகர்ப் பொறி ஒன்றின் வட்டு 40 ஜிகாபைட், அது நிரம்புகிறது. நிர்வாகி புரவலரில் அதனை 60 ஆக்குகிறார். வேலை முடிந்ததென்று கருதி உள்ளே நோக்கினால் கோப்பு முறைமையில் பழைய அளவே தெரிகிறது. ஏனெனில் மாறியது அடுக்கின் கீழ்ப்படி மட்டுமே. அதற்குமேல் வட்டுப்பாகம் வளர வேண்டும். பின்னர் அடிக்கலம், பின்னர் வகுகலம், ஈற்றில் கோப்பு முறைமை. ஈஎக்ஸ்டி4 எனின் ஒரு கட்டளை, எக்ஸ்எஃப்எஸ் எனின் வேறொன்று. இந்த ஐந்து செயல்களுக்கும் ‘வட்டை விரிவாக்கு’ என்று ஒரே தொடரை எழுதிய மொழிபெயர்ப்பில் படிப்பவர் முதற்படியிலேயே நின்றுவிடுவார். செயப்படுபொருளை ஒவ்வொரு முறையும் வெளிப்படக் கூறுவது இங்குக் கூறியது கூறல் ஆகாது.

சுருக்குவதில் வரிசை தலைகீழ். கோப்பு முறைமை முதலில் சுருங்க வேண்டும். அதன் பின்னரே வகுகலம் குறைய வேண்டும். மாற்றிச் செய்தால், 100 ஜிகாபைட் தனக்கு உண்டென்று நம்பும் கோப்பு முறைமையின் வால்பகுதி அறுந்துவிடும். விடுபட்ட கூறுகள் வேறொரு கலத்துக்கு ஒதுக்கப்பட்டு அதில் எழுதப்பட்டுவிட்டால் மீட்க வழியில்லை. ஈஎக்ஸ்டி4 முறைமையைச் சுருக்குமுன் அதனைப் பயன்பாட்டிலிருந்து கழற்றவும் வேண்டும். எக்ஸ்எஃப்எஸ் முறைமையோ நடைமுறையில் சுருக்கத்தக்கதன்று.

ஆங்கில நூல்கள் முதன்மை வினையை முன்னே கூறி, அதற்குமுன் செய்ய வேண்டியதைப் பின்னே ஒட்டுவது இயல்பு. அம்மொழியினர்க்கு அது தடையன்று. நீண்ட தொடரைக் கண்டு அஞ்சும் தமிழ் மொழிபெயர்ப்பாளர் அதனை இரண்டாக உடைக்கிறார்: ‘வகுகலத்தைக் குறைக்கவும். கோப்பு முறைமை முன்னரே சுருக்கப்பட்டிருப்பதை உறுதி செய்யவும்.’ முதல் தொடரைப் படித்தவுடன் கை விசைப்பலகைக்குச் சென்றுவிடுகிறது. தமிழின் இயல்பு இதற்கு நேர்மாறானது. ‘கழற்றி, சரிபார்த்து, கோப்பு முறைமையைச் சுருக்கிய பின்னரே வகுகலத்தைக் குறைக்க’ என்னும்போது எச்சங்களின் வரிசையே செயல்களின் வரிசை. எளிமை கருதித் தொடரை உடைக்கச் சொல்லும் பதிப்பாசிரியர்கள் இவ்விடத்தில் விதிவிலக்குத் தருதல் வேண்டும்; உடைத்தே ஆக வேண்டுமெனில் வரிசையை மாற்றி உடைக்க வேண்டும்.

நிழலும் நகலும்

‘ஸ்நாப்ஷாட்’ என்பதைக் ‘காப்பு நகல்’ என ஆக்குவது பெருகிவருகிறது. எல்விஎம்மில் இது எடுக்கப்படும்போது தரவு எதுவும் நகலெடுக்கப்படுவதில்லை. மூலக்கலத்தில் ஓரிடம் மாறவிருக்கும்போதுதான் அதன் பழைய உள்ளடக்கம் ஒதுக்கிவைத்த இடத்துக்குச் செல்கிறது. மாறாத இடங்களுக்கு மூலமே சான்று. ஆகவே மூலக்கலம் உள்ள வட்டு பழுதுற்றால் இதுவும் உடன் அழியும். ஒதுக்கிய இடம் நிரம்பிவிட்டாலும் இது செல்லாததாகும். காப்பு நகல் என்று படித்தவர் உண்மையான காப்பை எடுக்காமல் விடுவதற்கு இச்சொல்லே காரணமாகிவிடும். ‘கணநிலை’ என்பது அவ்வேளையின் நிலையை மட்டும் குறிப்பதால் ஏற்புடையது.

கையிருப்பை மிஞ்சிக் கலங்களுக்கு அளவு வாக்களிக்கும் முறையை ஆங்கிலம் ‘மெல்லிய’ ஒதுக்கீடு என்கிறது. 100 ஜிகாபைட் இருப்பை வைத்துக்கொண்டு ஐந்து கலங்களுக்குத் தலைக்கு 50 என எழுதிவைக்கலாம். எழுதப்பட்ட தரவுக்கு மட்டுமே இடம் செலவாகும். எல்லாரும் ஒருங்கே கேட்கும் நாளில் இருப்பு போதாது. எழுதும் முயற்சிகள் தோல்வியுறும். ‘மெல்லிய’ என்னும் அடை இவ்விடரைச் சற்றும் உணர்த்தவில்லை. ‘ஏட்டளவு ஒதுக்கீடு’ என்றால், ஏட்டுச் சுரைக்காயை அறிந்த எந்தத் தமிழரும் இருப்பை ஒருமுறை எட்டிப் பார்ப்பார்.