புதுப் போன்: விலைச்சீட்டில் இல்லாத செலவு



கிணற்றுக்கு ஒரு மோட்டார் வாங்குகிறோம். கடைக்காரர் சொன்ன விலையோடு செலவு முடிந்து விடுகிறதா? ஸ்டார்ட்டர் வேண்டும், கேபிள் வேண்டும், பைப் வேண்டும், இறக்கி மாட்ட ஆள்கூலி வேண்டும். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துத்தான் பணத்தை மடியில் கட்டிக்கொண்டு போகிறோம். ஆனால், ஸ்மார்ட்போன் வாங்கும்போது மட்டும் பெட்டியில் ஒட்டிய விலையோடு கணக்கை முடித்து விடுகிறோம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதலில் கைக்காசைப் பார்ப்போம். இப்போது பல போன்களுக்குப் பெட்டிக்குள் சார்ஜர் வைப்பதில்லை. பழைய சார்ஜர் இருக்குதே என்பீங்க. பழைய போனின் வாய் வேறு, இப்போது வரும் டைப்-சி வாய் வேறு. ஒயராவது புதிதாக வாங்க வேண்டி வரும். வரப்பில் விழுந்தால் தாங்க உறை, கண்ணாடிக்கு மேல் ஒட்டு, இதெல்லாம் தனி. மெமரி கார்டு போட இடமே இல்லாத போன்களும் உண்டு. 5ஜி போன் என்று கூடுதல் விலை கொடுக்குமுன், உங்கள் ஊரில், உங்கள் தோட்டத்தில் 5ஜி எடுக்கிறதா என்று விசாரியுங்க.

தவணைக் கணக்கு

வட்டியில்லாத் தவணை என்று பலகை தொங்கும். உதாரணத்துக்கு ஒரு போனைத் தவணையில் எடுத்தால் ரூ.12,000, ரொக்கமாகக் கொடுத்தால் ரூ.1,000 தள்ளுபடி போக ரூ.11,000 என்று வைத்துக் கொள்வோம். தவணைக்காரருக்குப் பரிசீலனைக் கட்டணம் ரூ.200, அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. ரூ.36. ஆக ரூ.12,236. ரொக்கக்காரரை விட ரூ.1,236 அதிகம். வட்டி எங்கே ஒளிந்திருந்தது, தெரிகிறதல்லவா? பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது, அது வேறு பெயரில் மறைந்து வருகிறது என்று ரிசர்வ் வங்கியே 2013-ல் வங்கிகளுக்கு எழுதியிருக்கிறது. ஆகவே, கடையில் இரண்டே கேள்வி கேளுங்க: ரொக்க விலை என்ன? தவணை முடியும்போது நான் கட்டியிருக்கும் மொத்தத் தொகை என்ன?

காசில் சேராத செலவு

இதுதான் நம்மை உண்மையில் கஷ்டப்படுத்துவது. யு.பி.ஐ. என்பது உங்கள் நம்பரோடு மட்டுமல்ல, அந்தக் குறிப்பிட்ட போனோடும் கட்டப்பட்டது. போனை மாற்றினால் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும். அப்போது போனிலிருந்து வங்கிக்கு ஒரு எஸ்.எம்.எஸ். தானாகப் போகும். வங்கியில் கொடுத்த நம்பரின் சிம் அந்தப் போனிலேயே இருக்க வேண்டும், ரீசார்ஜும் இருக்க வேண்டும். பதிவு முடிந்தாலும், பொதுவாக முதல் 24 மணி நேரத்துக்கு ரூ.5,000 வரைதான் அனுப்ப முடியும். போனோடு சேர்த்து சிம் கார்டையும் மாற்றி வாங்கினால், திருட்டைத் தடுப்பதற்காக ஒரு நாள் எஸ்.எம்.எஸ். போக்குவரத்தை நிறுத்தி வைப்பார்கள்.

அறுவடை நாளில் இது நடந்தால் என்ன ஆகும்? மெஷின்காரர் வாடகைக்கு நிற்பார், லாரிக்காரர் நிற்பார். கணக்கில் பணம் இருந்தும் கையில் எடுக்க முடியாது. ஆகையால் வேலை ஓய்ந்த நாளாகப் பார்த்துப் போனை மாற்றுங்கள். கையில் கொஞ்சம் ரொக்கமும் வைத்திருங்கள்.

அடுத்து, வாட்ஸ்அப். பட்டா, சிட்டா, உரக்கடை பில், பூச்சி விழுந்த இலைப் படம் எல்லாம் அதில்தான் கிடக்கிறது. பேக்கப் எடுக்காமல் மாற்றினால் பழையது வந்து சேராமல் போகலாம். கூகிளில் சேமிக்கும் இடம் 15 ஜி.பி. வரை இலவசம், அதற்கு மேல் போனால் மாதச் சந்தா. வேண்டாத வீடியோக்களை முதலில் அழித்து விடுங்கள்.

நம்பரை மட்டும் லேசில் மாற்றாதீர்கள். வருஷத்துக்கு ரூ.6,000 வரும் பி.எம்.கிசான் திட்டத்துக்கு ஓ.டி.பி. மூலம் சரிபார்ப்பது ஆதாரில் இருக்கும் நம்பரை வைத்துத்தான். அந்த நம்பர் போய்விட்டால் ஆதாரிலும் வங்கியிலும் மாற்ற அலைய வேண்டும். ஒரு நாள் வேலை கெட்டால் அதுவும் செலவுதானே?

பழைய போனை என்ன செய்வது?

எக்ஸ்சேஞ்ச் என்று அன்றைக்கே கொடுத்து விடாதீர்கள். ஒரு வாரமாவது வீட்டில் இருக்கட்டும். புதியதில் எல்லாம் வந்து சேர்ந்ததா என்று பார்த்து, சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்து, கூகிள் கணக்கை நீக்கி, உள்ளே இருப்பதை முழுவதும் அழித்த பிறகு கொடுங்கள். செகண்ட் ஹாண்ட் போன் வாங்குகிறவர்கள் *#06# அழுத்தினால் 15 இலக்க எண் வரும். கே.ஒய்.எம். என்ற மூன்று ஆங்கில எழுத்தும், ஓர் இடைவெளி விட்டு அந்த எண்ணும் அடித்து 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால், அது திருட்டுப் போன் என்று முடக்கப்பட்டதா என்று பதில் வரும்.

அப்படியானால் புதுப் போனே வேண்டாமா என்று கேட்பீர்கள். அப்படியில்லை. ரொம்பப் பழைய போன்களைச் செயலிகள் கைவிட்டு விடுகின்றன. 2025 ஜனவரியிலிருந்து ஆண்ட்ராய்டு 5.0-க்குக் கீழே உள்ள போனில் வாட்ஸ்அப் ஓடாது. வங்கிச் செயலி ஓட மறுத்தாலும் மாற்றத்தான் வேண்டும். ஆனால் சார்ஜ் நிற்கவில்லை என்பது மட்டும்தான் குறை என்றால், முதலில் பேட்டரியை மாற்ற என்ன ஆகும் என்று கேளுங்க. வால்வு தேய்ந்ததற்காக யாரும் மோட்டாரைத் தூக்கிப் போடுவதில்லையே!

போன் விலை, சாமான், தவணைச் செலவு, கெட்டுப் போகும் வேலை நாள், இந்த நாலையும் ஒரு சீட்டில் எழுதிக் கூட்டுங்கள். அந்தத் தொகைதான் போனின் உண்மை விலை. அது கட்டுப்படியானால் தாராளமாக வாங்குங்கள்.