ஸ்கேன் சிடியில் தெரியும் வெள்ளையெல்லாம் கட்டியா?

விடாத தலைவலிக்காக என் அக்காவுக்கு மூளையில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தோம். கையில் கொடுத்த சிடியை வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். மூளையின் நடுவே இருபுறமும் பளிச்சென்று வெள்ளை! "என்னடா தெரியுது?" என்றார் அக்கா. கட்டி என்றே நினைத்துவிட்ட நான், "ஒண்ணும் புரியலக்கா" என்று சமாளித்தேன். அன்றிரவு எனக்குத் தூக்கமே இல்லை. மறுநாள் டாக்டர் அதே படத்தைப் பார்த்து, அவை எல்லோர் மூளையிலும் உள்ள நீர் அறைகள் என்றார். நீங்களும் இப்படிப் பயந்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

சிடியில் இருப்பவை டைகாம் எனப்படும் மருத்துவப் பட பைல்கள். இவற்றைத் திறக்கும் வியூவர் புரோகிராம் பெரும்பாலும் சிடியிலேயே இருக்கும். இல்லையெனில் மைக்ரோடைகாம் போன்ற புரோகிராமை இன்ஸ்டால் செய்து கொள்ளுங்கள். மவுஸ் வீலை உருட்டினால் படங்கள் அடுக்கடுக்காக நகரும். குறுக்குவெட்டுப் படங்களில் வழக்கமாக நோயாளியின் வலப்பக்கம் திரையில் இடப்பக்கமாகத் தெரியும்.

ஒரே மூளையைப் பல முறைகளில் படம் எடுப்பார்கள். டி1 படத்தில் மூளை நீர் கறுப்பு. டி2 படத்தில் அதே நீர் வெள்ளை. நான் ஏமாந்தது இதில்தான். பிளேர் என்ற முறை அந்த நீரைக் கறுப்பாக்கிவிடும். வீக்கம் இருந்தால் அது வெள்ளையாகத் தனித்துத் தெரியும்.

சிலருக்குக் கடோலினியம் கலந்த மருந்தை ஊசியில் செலுத்தி மீண்டும் டி1 படம் எடுப்பார்கள். பல கட்டிகள் அப்போது வெண்மையாகும். ஆனால் ரத்தக் குழாய்களும் பிட்யூட்டரி சுரப்பியும் இயல்பாகவே வெண்மையாகும். வெள்ளை வளையம் தெரிந்தால்கூட அது புற்றுநோய்தான் என்று சொல்ல முடியாது. சீழ்க்கட்டி, காசநோய்க் கட்டி, நாடாப்புழு முட்டைகளால் வரும் நீர்க்கட்டி ஆகியவையும் வளையமாகத் தெரியலாம். இவற்றைப் பிரித்தறிய ரேடியாலஜிஸ்ட் எல்லா வரிசைகளையும் ஒப்பிட்டு, வயதையும் அறிகுறிகளையும் சேர்த்துப் பார்க்கிறார். சில நேரங்களில் திசுவை எடுத்துச் சோதித்த பிறகே உறுதி செய்கிறார்கள்.

எனவே படத்தைப் பாருங்கள். முடிவை டாக்டரிடம் விடுங்கள். சிடியின் எல்லா பைல்களையும் ஒரு போல்டரில் காப்பி செய்து வையுங்கள். மீண்டும் ஸ்கேன் எடுக்க நேர்ந்தால், ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் பழைய படங்களே டாக்டருக்குப் பெரிதும் உதவும்.