பேனலில் பெயர் ஏன் இல்லை?

"உங்களுக்கென்ன மாமா, வருஷம் ஓடினா புரமோஷன் தானா வந்துடும். எங்க அப்ரைசல்ல மேனேஜர் என்ன போட்டார்னே எங்களுக்குத் தெரியாது" என்றான் என் அக்கா மகன். ஒரகடத்தில் கார் கம்பெனியில் வேலை பார்க்கிறவன். நான் வருவாய்த் துறையின் நிர்வாகப் பிரிவில் பதவி உயர்வுக் கோப்புகளோடு காலம் தள்ளி ஓய்வு பெற்றவன். அரசு வேலையில் எதுவும் தானாக வராது என்று அவனுக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன்.

ஒவ்வோர் ஆண்டும் மேல்பதவியில் எத்தனை இடம் காலியாகும் என்று கணக்கிட்டு, தகுதியானவர்களை வரிசைப்படுத்தித் தேர்ந்தோர் பட்டியல் போடுவார்கள். அலுவலகத்தில் அதைப் பேனல் என்போம். அதற்கு ஒரு தேதி உண்டு. அந்தத் தேதிக்குள் பணிக்காலம் நிறைந்திருக்க வேண்டும். துறைத் தேர்வுகளில் தேறியிருக்க வேண்டும். ஒழுங்கு நடவடிக்கை விதி 17-பி-யின் கீழ் குற்றச்சாட்டு நிலுவையில் இருக்கக் கூடாது. துறைத் தேர்வை அரசுப் பணியாளர் தேர்வாணையம் மே, டிசம்பர் என ஆண்டுக்கு இருமுறை நடத்துகிறது. ஒரு தாளில் கோட்டைவிட்டால் போதும், பின்னால் வேலைக்கு வந்தவர் முன்னால் போய்விடுவார்.

வருவாய்த் துறை உதவியாளரின் பணிமூப்புக்கு மாவட்டம்தான் அலகு. 2019-இல் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டைத் தனி மாவட்டமாகப் பிரித்தார்கள். ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் காஞ்சிபுரத்தில் இருக்க, அதே சாலையின் மறுமுனையான சிங்கப்பெருமாள்கோவில் செங்கல்பட்டுக்குப் போனது. எந்த மாவட்டத்துக்குப் போவது என்று ஊழியர் யோசிக்கும்போது வீட்டுக்கு எவ்வளவு தூரம் என்பதோடு, அங்குள்ள வரிசையில் நமக்கு மேலே எத்தனை பேர் என்பதையும் பார்த்தாக வேண்டும்.

யார் சீனியர் என்பதில்தான் பெரிய வழக்கே நடந்தது. தமிழ்நாட்டில் நேரடி நியமனத்தில் 69 சதவீத இடஒதுக்கீடு உண்டு. 200 இடங்கள் கொண்ட இனச்சுழற்சி வரிசைப்படி பணியிடங்களை நிரப்புகிறார்கள். அந்தச் சுழற்சி வரிசையையே பணிமூப்புக்கும் வைத்துக்கொள்வதா, தேர்வில் எடுத்த மதிப்பெண் வரிசையை வைப்பதா? பதவி உயர்வில் தனி ஒதுக்கீடு இல்லாத மாநிலத்தில், எல்லாப் பிரிவினரும் மேல்பதவிக்கு வரச் சுழற்சி வரிசைதான் வழி என்றார்கள் ஒரு தரப்பினர். கூடுதல் மதிப்பெண் வாங்கியும் ஆயுள் முழுக்கக் கீழே நிற்பதா என்றார்கள் மறு தரப்பினர்.

ஹரியானா வழக்கு ஒன்றில் 2003-இலேயே உச்ச நீதிமன்றம், சுழற்சி வரிசை இடங்களை நிரப்பத்தான், பணிமூப்பை முடிவு செய்ய அல்ல என்று சொல்லியிருந்தது. 2015-இல் சென்னை உயர் நீதிமன்றமும் அதே வழியில் தீர்ப்பளித்தது. 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு அரசு புதிய பணி நிபந்தனைகள் சட்டம் இயற்றிப் பழைய சுழற்சி முறையைத் தக்கவைத்தது. 2019-இல் அதற்கான சட்டப் பிரிவுகளை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. இரு தரப்பு வாதத்திலும் நியாயம் உண்டு. ஆனால் பதவி உயர்வு பெற்று வருடக்கணக்கில் வேலை பார்த்த பிறகு வரிசையைத் திருப்பி அடுக்கினால், மேலே போகிறவருக்கு இழந்த வருடங்கள் கிடைக்காது. கீழே இறங்குகிறவர் செய்த தவறு என்ன?

அப்ரைசலில் என்ன போட்டார்கள் என்றே தெரியாது என்று அக்கா மகன் சொன்ன குறைக்கும் ஒரு வழக்கு இருக்கிறது. எல்லைச் சாலைப் பணியில் இருந்த பொறியாளர் தேவ் தத், கண்காணிப்புப் பொறியாளராக வேண்டுமானால் மேலதிகாரி எழுதும் ஐந்தாண்டு ரகசியக் குறிப்பிலும் 'மிக நன்று' இருக்க வேண்டும். 1993–94க்கு மட்டும் 'நன்று' என்று எழுதியிருந்தார்கள். பாதகமான குறிப்பு அல்லவே என்று அவருக்குத் தெரிவிக்கவில்லை. அந்த 'நன்று'தான் அவர் பதவி உயர்வைத் தடுத்தது. எந்தக் குறிப்பானாலும் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும், மேம்படுத்தக் கோரும் வாய்ப்பும் தர வேண்டும் என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

17-பி விஷயமும் இப்படித்தான். பூர்வாங்க விசாரணை நடக்கிறது என்பதற்காகப் பதவி உயர்வை நிறுத்தி வைக்கக் கூடாது, குற்றச்சாட்டு முறையாக வழங்கப்பட்டிருக்க வேண்டும் என்று ஜானகிராமன் வழக்கில் 1991-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் பேனல் தேதிக்கு முந்தின வாரம் குறிப்பாணை கொடுத்து, விசாரணையை வருடக்கணக்கில் இழுத்தால் சட்டப்படி எல்லாம் சரியாகவே இருக்கும். குற்றச்சாட்டுக்கு ஆளானவர் மட்டும் ஓய்வு பெற்றுப் போயிருப்பார்.

மதிப்பெண்ணோ சுழற்சியோ, விதி எதுவாகவும் இருக்கட்டும். விடுபட்டவருக்கு, ஆணை வெளியாகும் முன்பே காரணம் தெரிந்து, எதிர்த்துக் கேட்க அவகாசமும் கிடைத்தால் அந்தப் பட்டியல் நேர்மையானது. கார் கம்பெனிக்கும் இதே அளவுகோல்தான்.

அரசு ஊழியர்கள் வருடத்துக்கு ஒருமுறையாவது பணிப்பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். தேறிய துறைத் தேர்வு அதில் ஏறியிருக்கிறதா என்று சரிபாருங்கள். தற்காலிகப் பணிமூப்புப் பட்டியல் சுற்றுக்கு வந்தால் கையெழுத்துப் போடும் முன் உங்களுக்கு மேலேயும் கீழேயும் இருக்கும் பெயர்களைப் படியுங்கள். ஆட்சேபணை இருந்தால் எழுதிக் கொடுத்து நகலில் ஒப்புதல் வாங்குங்கள். வாயால் சொன்ன ஆட்சேபணைக்கு எந்தக் கோப்பிலும் பக்க எண் கிடையாது.